வெள்ளவத்தையில் இருந்துகொண்டு தீவகத்தில் ஹோம்ஸ்டே நடத்தலாமா?

இந்தக் கிழமை எடுத்துக்கொண்டிருப்பது, சட்டத்தரணியான எனக்கு வெள்ளவத்தை வாசகி ஒருவர் எழுதிய கடிதம். ஐந்து பக்கம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 52 வயது. வங்கியொன்றில் வேலை. 1990 இல் யாழ்ப்பாணத் தீவகத்திலிருந்து குடும்பத்தோடு இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்தவர். ஊரில் அம்மாவின் பெயரில் நடுவில் முற்றம் வைத்துக் கட்டிய ஒரு பழைய நாற்சார் வீடும் அதைச் சுற்றி ஆறு பரப்புக் காணியும் இருக்கின்றன. சற்றுத் தள்ளி, கடற்கரையோடு நான்கு பரப்பு வெறுங்காணி. அப்பா முந்தியே போய்விட்டார். அம்மா உயில் எழுதாமல் சில வருடங்களுக்கு முன் காலமானார். பிள்ளைகள் நால்வர். மூத்தவர் ரொறன்ரோவில், கனடாக் குடியுரிமையோடு இருக்கிறார். தங்கை லண்டனில், இரட்டைக் குடியுரிமை பெற்றவர். தம்பி யாழ்ப்பாண நகரில் குடும்பத்தோடு இருக்கிறார். ஊர் வீட்டைப் பார்த்துக்கொள்பவர் பெரியம்மாவின் மகன். 14 வருடமாக அங்கேயே குடியிருக்கிறார்.

வாசகியின் திட்டம் இது: வேலையை விட்டு, ஊழியர் சேமலாப நிதியை எடுத்து வீட்டைத் திருத்தி நான்கு அறைகளை வெளிநாட்டுப் பயணிகளுக்கும் ஊர் பார்க்க வரும் புலம்பெயர்ந்தவர்களுக்கும் விடுவது. கடற்கரைக் காணியில் இரண்டு ஓலைக் கொட்டில் போடுவது. முன்பதிவுகளைக் கொழும்பிலிருந்து தானே போனில் பார்த்துக்கொள்வது. சாவி கொடுக்கப் பெரியம்மாவின் மகன் இருக்கிறார்.

இதற்கிடையில் ஆளுக்கொரு யோசனை. ரொறன்ரோ அண்ணா, "கம்பனி ஒன்று தொடங்குவோம், காசு நான் போடுகிறேன், 60 வீதப் பங்கு எனக்கு, காணியைக் கம்பனி பெயருக்கு மாற்றுவோம்" என்கிறார். தங்கை எதற்கும் சம்மதமாம். கொழும்புச் சுற்றுலா நிறுவனம் ஒன்று இரண்டு காணிகளையும் 30 வருடக் குத்தகைக்குக் கேட்கிறது. முழுக் காசையும் ஒரேயடியாகத் தருமாம், முற்பணமாகக் காசோலை ஒன்றும் வாசகியின் கையில் கொடுத்துவிட்டது. பெரியம்மாவின் மகனோ, பத்து வருடத்துக்கு மேல் இருந்தவனுக்குத்தான் காணி சொந்தம் என்று ஊரில் கதைக்கத் தொடங்கியிருக்கிறார். "மூன்று மாதத்தில் வேலையை முடித்து நல்லூர்த் திருவிழாவுக்குள் திறக்க நினைக்கிறேன். அவசரப்படுகிறேனா?" என்று கேட்டுக் கடிதத்தை முடிக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆம், அவசரப்படுகிறீர்கள். திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் கடைசியில் செய்யவேண்டியதை முதலில் செய்கிறீர்கள். கட்டில் விரிப்பின் நிறம்வரை யோசித்துவிட்டீர்கள், காணி உறுதியில் இன்னும் அம்மாவின் பெயர்தான் இருக்கிறது.

வீடு இப்போது யாருடையது?

"நான்தானே இலங்கையில் நின்று பார்க்கிறேன், மற்றவர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்லமாட்டார்கள் என்பது வேறு, சட்டம் வேறு. அம்மா உயில் எழுதவில்லை, அப்பாவும் இல்லை என்றால், யாழ்ப்பாணத் தமிழருக்குரிய வழக்குச் சட்டமான தேசவழமைப்படி அம்மாவின் சொத்து பிள்ளைகள் நால்வருக்கும் சமமாகச் சேரும். உங்களுக்கு நாலில் ஒரு பங்கு. வீட்டின் எந்த அறை உங்களுடையது என்று யாரும் காட்ட முடியாது. ஒவ்வொரு கல்லிலும் நாலில் ஒன்று உங்களுடையது, அவ்வளவுதான். உங்களுக்கோ தங்கைக்கோ கல்யாணத்தின்போது சீதன உறுதி எழுதப்பட்டிருந்தால் அதைத் தேடி எடுத்து வையுங்கள். கடிதத்தில் அதைப்பற்றி ஒரு வரியும் இல்லை. அப்படி ஒன்று இருந்தால் இந்தக் கணக்கு மாறக்கூடும்.

இந்த நாலில் ஒன்றை வைத்துக்கொண்டு உங்கள் சேமலாப நிதி முழுவதையும் அந்த வீட்டில் போடப் போகிறீர்கள். நாளைக்கு ஒரு மனஸ்தாபம் வந்தால், நால்வரில் எவரும் 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பிரிவிடற் சட்டத்தின் கீழ் பங்கு பிரிப்பு வழக்குப் போடலாம். நீங்கள் போட்ட குளியலறைக்கும் கூரைக்கும் நட்டஈடு கேட்கலாம்தான். அதற்காக எத்தனை வருடம் நீதிமன்றப் படி ஏறுவது? பங்கு பிரிப்பு வழக்கைத் தொடங்கியவர் ஒருவர், முடித்தவர் அவருடைய மகன் என்று புதுக்கடையிலும் யாழ்ப்பாணத்திலும் சட்டத்தரணிகள் சொல்வது பகிடிக்கு அல்ல.

ஆகவே முதல் வேலை, மாவட்ட நீதிமன்றத்தில் அம்மாவின் சொத்துக்கான டெஸ்டமெண்டரி வழக்கு, அதாவது இறந்தவரின் சொத்தை வாரிசுகளுக்குச் சேர்ப்பிக்கும் வழக்கு. அது முடிந்து நால்வர் பெயரிலும் உரித்து ஒழுங்காகட்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் வரத் தேவையில்லை. அந்தந்த நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் அற்றோனித் தத்துவம் (தங்களுக்குப் பதிலாக இன்னொருவர் அலுவல் பார்க்க அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) எழுதி அனுப்பினால் போதும். இங்கே அதைப் பதிவு செய்யவேண்டும். "எல்லா அலுவலும் செய்ய" என்ற பொதுத் தத்துவத்தைவிட, இந்தச் சொத்துக்கும் இந்த அலுவலுக்கும் மட்டும் என்று எழுதும் விசேட தத்துவம் குடும்ப நிம்மதிக்கு நல்லது.

பெரியம்மாவின் மகனும் பத்து வருடக் கதையும்

ஊரில் பத்து வருடம் என்றதும் எல்லோரும் பயப்படுகிறார்கள். 1871 ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் பத்து வருடம் என்று சொல்வது உண்மை. ஆனால் வெறுமனே பத்து வருடம் குடியிருந்தால் போதாது. சொந்தக்காரரின் உரிமையை மறுத்து, அவருக்கு எதிராக, தடையில்லாமல் இருந்திருக்க வேண்டும். உங்கள் அம்மா "நீ இருந்து பார்த்துக்கொள்" என்று சொல்லித்தான் அவர் வந்தார். அனுமதியோடு வந்தவர், அந்த நிலையை வெளிப்படையாக மாற்றிக்கொள்ளாதவரை அனுமதியோடுதான் இருக்கிறார் என்பதே நீதிமன்றத்தின் பார்வை. அம்மா அவருக்கு எழுதிய கடிதம், வீட்டுத் திருத்த வேலைக்கு நீங்கள் அனுப்பிய காசின் பற்றுச்சீட்டு, வட்ஸ்அப்பில் அவர் "ஓடு மாத்த வேணும், காசு அனுப்புங்கோ" என்று கேட்ட செய்தி, எல்லாவற்றையும் அழிக்காமல் எடுத்து வையுங்கள். அந்த ஓட்டுச் செய்தி ஒன்றே பல பக்க வாதத்துக்குச் சமம். தன் சொந்த வீடு என்று நினைப்பவர் உங்களிடம் ஓட்டுக்குக் காசு கேட்கமாட்டார்.

காணிப் பதிவகத்தில் அந்தக் காணியின் ஏட்டை ஒருமுறை தேடிப் பார்ப்பதும் அவசியம். குடியிருப்பதை வைத்து, காணி தனக்கே சொந்தம் என்று ஒருதலையாகப் பிரகடன உறுதி எழுதிப் பதிந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி எதுவும் பதியப்படாமல் இருந்தால், இனிமேல் பதியப்படும்போது உங்களுக்கு அறிவித்தல் வரும்படி கேவியட் போட்டு வைக்கலாம்.

சட்டம் இவ்வளவுதான். இனிச் சட்டத்துக்கு வெளியே ஒன்று. அந்த மனிதர் 14 வருடம் அந்த வீட்டில் விளக்கு வைத்திருக்கிறார். ஆளில்லாமல் கிடந்த நாற்சார் வீடுகள் தீவகத்தில் என்ன கதியானது என்று உங்களுக்குத் தெரியும். கூரை சரிந்து, நடு முற்றத்தில் ஆலமரம் முளைத்து நிற்கிறது. உங்கள் வீடு நிற்பதற்கு அவர் ஒரு காரணம். அவருடைய "காணி எனக்கு" என்ற பேச்சில் பாதி, ஹோம்ஸ்டே வந்தால் தன்னை எழுப்பிவிடுவார்கள் என்ற பயமாக இருக்கலாம். உங்கள் திட்டத்தில் அவருக்குச் சாவி கொடுக்கும் வேலை இருக்கிறது, சம்பளம் எங்கேயும் இல்லை. அவரோடு உட்கார்ந்து பேசி, பராமரிப்பாளர் என்ற நிலையை ஒப்புக்கொள்ளும் ஒரு பத்திரத்தையும், அதோடு ஒழுங்கான சம்பளத்தையும் கொடுங்கள். வக்கீல் கடிதத்தோடு தொடங்கினால் உறவும் உடன்பாடும் இரண்டும் கெட்டுப்போகும்.

அண்ணாவின் கம்பனி

இந்த யோசனையை அப்படியே கைவிடவேண்டும். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, வெளிநாட்டவருக்கு மட்டுமல்ல, வெளிநாட்டவரின் பங்கு 50 வீதமோ அதற்கு மேலோ உள்ள இலங்கைக் கம்பனிக்கும் காணி உரித்தை மாற்ற முடியாது. அண்ணா கனடாக் குடியுரிமை எடுத்து, இலங்கைக் குடியுரிமையை மீளப் பெறாமல் இருந்தால், சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர். 60 வீதம் அவருடையது என்றால் அந்த மாற்றம் செல்லாது. நால்வரும் மனம் ஒத்துக் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது.

இதைக் கேட்டு அண்ணா பதறத் தேவையில்லை. அம்மாவின் சொத்தில் அவருக்கு வந்த நாலில் ஒரு பங்கு அவருடையதுதான். நெருங்கிய உறவுக்கு வாரிசாக வருவதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. இரட்டைக் குடியுரிமை எடுத்தால் இந்தத் தடையே அவருக்கு இல்லை, தங்கைக்கு இல்லாததுபோல. காசு போட விரும்பினால் கடனாகத் தரலாம், எழுத்தில் இருக்கட்டும்.

30 வருடக் குத்தகை

அந்த நிறுவனத்தின் வரைவை இணைத்திருந்தீர்கள், படித்தேன். முழுக் காசும் முன்கூட்டியே என்பது கண்ணைப் பறிக்கிறது. ஆனால் 30 வருடத்துக்கு இன்றைய ரூபாவில் கணக்கு. 2022 இல் ரூபா எப்படி விழுந்தது என்று வங்கியில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. குத்தகை முடியும்போது உங்களுக்கு 82 வயது.

வரைவில் மூன்று இடம் எனக்குப் பிடிக்கவில்லை. நிறுவனம் விரும்பியவருக்கு மேல்குத்தகை கொடுக்கலாம் என்றிருக்கிறது. கட்டிடத்தை "தேவைக்கேற்ப மாற்றலாம்" என்றிருக்கிறது, நாற்சார் முற்றத்தை மூடிக் கொங்கிறீட் போட்டாலும் நீங்கள் கேட்க முடியாது. "தவிர்க்க முடியாத நிகழ்வு" என்ற வாசகம் நிறுவனத்தின் கடமைகளை மட்டும் நிறுத்தி வைக்கிறது, உங்களுக்கு ஒன்றும் இல்லை. இந்த நாட்டில் அது சும்மா போடப்படும் வாசகம் அல்ல. 2018 இல் 23 இலட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் வந்தார்கள். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்பு, 2020 இல் கொரோனா. 2021 இல் முழு வருடத்துக்கும் இரண்டு இலட்சம் பேர்கூட வரவில்லை. அது தேறும்போது 2022 எரிபொருள் வரிசை. 2024 இல்தான் திரும்ப 20 இலட்சத்தைத் தாண்டியது. 2025 நவம்பரில் டிட்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப்போட்டது. ஏழு வருடத்தில் நான்கு அடி. அடுத்த அடி விழும்போது அந்த நிறுவனம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகலாம், பராமரிக்கவேண்டிய கடமை நின்றுபோயிருக்கும், சாவி மட்டும் அவர்களிடம் இருக்கும்.

குத்தகைக்குக் கொடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஐந்து வருடம், வருடாவருடம் வாடகை, அதோடு வருமானத்தில் ஒரு பங்கு, மேல்குத்தகைக்குத் தடை, மாற்றங்களுக்கு எழுத்துமூலச் சம்மதம், ஆறு மாதம் மூடிக்கிடந்தால் வீடு உங்களிடம் திரும்பும் என்ற நிபந்தனை. இவற்றுக்கு அவர்கள் உடன்பட்டால் பேசலாம். உடன்படமாட்டார்கள் என்பது என் ஊகம்.

அந்தக் காசோலையை வங்கியில் போடாதீர்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிஸ் முன் இரண்டு சாட்சிகளோடு எழுதப்படாவிட்டால் சட்டப்படி குத்தகையே அல்ல. 1840 இல் இருந்து இருக்கும் சட்டம். அதனால் காசோலையை வாங்கியதால் மட்டும் நீங்கள் கட்டுப்பட்டுவிடவில்லை. ஆனால் காசைப் பயன்படுத்தினால் "ஒப்புக்கொண்டார், நம்பிச் செலவு செய்தோம்" என்று ஒரு நட்டஈட்டு வழக்குக்கு வழி திறக்கும். கடிதத்தோடு பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பி, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். வேறொன்று, இரண்டு காணிகளையும் குத்தகைக்குக் கொடுக்க நால்வரின் கையெழுத்தும் வேண்டும். உங்களிடம் மட்டும் காசோலை கொடுத்த நிறுவனத்துக்கு இது தெரியாமல் இருக்காது.

சரி, ஹோம்ஸ்டே என்றால் என்ன?

உங்கள் திட்டத்தின் பெரிய ஓட்டை இங்கேதான். இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை ஹோம்ஸ்டே என்று பதிவு செய்வது, வீட்டுக்காரர் குடும்பம் குடியிருக்கும் வீட்டில் சில அறைகளை விருந்தினருக்கு விடுவதை. வீட்டுக்காரர் 400 கிலோமீற்றர் தள்ளி வெள்ளவத்தையில் போனோடு இருந்தால் அது ஹோம்ஸ்டே ஆகாது. பங்களா, வாடகை வீடு, கெஸ்ட் ஹவுஸ் என்று வேறு வகைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் வேறு நிபந்தனைகள். வகையைப் பிழையாகப் போட்டு விண்ணப்பித்தால் பரிசோதனையில் திருப்பி அனுப்புவார்கள். அதிகாரசபையின் அலுவலகம் கொள்ளுப்பிட்டியில், காலி வீதியில் இருக்கிறது. ஒருநாள் அரை நாள் லீவு போட்டு நேரில் போய்க் கேளுங்கள். பிரதேச சபை அங்கீகரித்த கட்டிட வரைபடம், காணி உரித்துப் பத்திரம், வியாபாரப் பெயர்ப் பதிவு எல்லாம் கேட்பார்கள். பழைய வீட்டுக்கு வரைபடமே இருக்காது, புதிதாக அளந்து கீறவேண்டி வரும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வந்து பார்ப்பார்.

சட்ட நிபந்தனை ஒரு பக்கம் இருக்க, வியாபாரமாகவும் யோசியுங்கள். கீரிமலையையும் நல்லூரையும் பார்த்து, குறிகட்டுவானில் படகேறி நயினாதீவும் நெடுந்தீவும் போய்வரும் பயணிக்கு யாழ்ப்பாண நகரில் எத்தனையோ ஹோட்டல்கள் உண்டு. அவர் உங்கள் தீவுக்கு வந்து தங்குவது, அந்த வீட்டில் ஒரு குடும்பம் இருப்பதற்காக. இரவு ஒடியல் கூழை எப்படிக் குடிப்பது என்று சொல்லிக் கொடுக்க ஒருவர், விடிய மீன் கரைக்கு வருவதைக் காட்டக் கூட்டிப்போக ஒருவர். இது இல்லாமல் சாவியை மட்டும் கொடுத்தால், ஏசி இல்லாத, தூரத்து, பழைய வீடு ஒன்றைத்தான் விற்கிறீர்கள்.

ஆகவே வேலையை விடுவதென்றால் ஊருக்குப் போய் இருப்பதற்காக விடுங்கள். கொழும்பிலேயே இருப்பதற்காக அந்தச் சம்பளத்தை விடவேண்டாம். பெண்களுக்கு 50 வயதில் வேலையை விட்டுச் சேமலாப நிதியை எடுக்கலாம் என்ற வசதி உங்களுக்கு இருக்கிறது, அது எங்கேயும் ஓடிவிடாது.

கடற்கரைக் கொட்டில்

"ஓலைக் கொட்டில்தானே, கட்டிடமா என்ன, அனுமதி எதற்கு" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டும். கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். உங்கள் காணி, நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தால், அதற்குள் நன்றாகவே விழுகிறது. அந்த வலயத்தில் மரம் நடலாம், மீன்பிடித் தொழில் செய்யலாம். அதன் இயற்கை நிலையை மாற்றக்கூடிய கட்டுமானத்துக்கு, ஓலையோ ஓடோ, கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி தேவை. அனுமதியில்லாமல் போட்டதை உடைக்கச் சொல்வார்கள். பக்கத்துக் காணியில் யாரோ போட்டிருக்கிறார்கள் என்பது பதில் அல்ல. அந்தக் காணியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். விருந்தினர் மாலையில் போய் இருக்க, தாழை நிழலில் ஒரு பாய் போதும். அங்கே வலை காயப்போடுகிறவர்களோடும் முதலே பேசிவையுங்கள். உங்கள் உறுதி எப்படி எழுதப்பட்டிருந்தாலும், அவர்கள் தலைமுறையாக நடந்த பாதையை வேலி போட்டு மறித்தால் ஊர் உங்களுக்கு எதிராகிவிடும்.

தண்ணீர்

சட்டத்தரணிக்குக் கிணற்றில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பக்கத்து வீட்டுக் கிணறு உவர்த்துப்போனால் வழக்கு என்னைப்போன்ற ஒருவரிடம்தான் வரும்.

குடாநாட்டிலும் தீவுகளிலும் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. மாரியில் பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, உப்பு நீருக்கு மேலே மெல்லிய படையாக நிற்கிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். அளவுக்கு மேல் இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே வரும், ஒருமுறை வந்தால் லேசில் போகாது. அதே கல்லின் வெடிப்புகள் வழியாக மலசலகூடக் குழியின் கழிவும் கிணற்றைத் தேடி வரும். பாட்டி வாளியால் அள்ளிய கிணறு அது. நான்கு அறை, ஒவ்வொன்றிலும் ஷவர், தினமும் கட்டில் விரிப்புத் தோய்த்தல் என்றால் கணக்கு வேறு. ஆவணி, புரட்டாதியில், மாரிக்கு முன் தண்ணீர் மிகக் கீழே நிற்கும்போது, இரண்டு மணித்தியாலம் மோட்டர் போட்டு இறைத்து, தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். உவர்த்தால் அறைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஆய்வுகூடத்தில் கொடுத்துச் சோதிப்பதும் வேண்டும், ஆனால் அந்த ஒரு வாய்த் தண்ணீர் உங்களுக்கு நிறையச் சொல்லும். கூரைத் தண்ணீரைச் சேர்க்கத் தொட்டி கட்டுங்கள். கழிவுக் குழியை எங்கே வைப்பது என்று சுகாதாரப் பரிசோதகரிடம் கட்டுவதற்கு முன் கேளுங்கள், கட்டிய பிறகு அல்ல. அண்ணா சொல்லும் நீச்சல் தடாகத்தை மறந்துவிடுங்கள்.

காசுக் கணக்கு

நான்கு அறையும் மாதம் முழுக்க நிரம்பும் என்று போட்டிருக்கிறீர்கள். வடக்கில் கூட்டம் வருவது ஆடி, ஆவணியில், நல்லூர்க் கொடியேறி 25 நாளும் புலம்பெயர்ந்தவர்களின் கோடை விடுமுறையும் சேரும்போது. பிறகு மார்கழி, சித்திரை விடுமுறைகள். மற்ற மாதங்கள் பெரும்பாலும் காற்று வாங்கும். அதோடு, நல்லூருக்கு வருகிறவர்களில் பலர் சொந்தக்காரர் வீட்டிலேயே நிற்பார்கள்.

மூன்று அறை, இரவுக்கு 8,000 ரூபா, மாதத்தில் பத்து இரவு எல்லாம் நிரம்பியது என்று வைப்போம். 240,000 ரூபா. இணைய முன்பதிவுத் தளம் 15 வீதம் எடுத்தால் 36,000 போகும். சுற்றுலா அபிவிருத்தி வரி ஒரு வீதம், 2,400. ஒருவருக்கு ஆகக்குறைந்த சம்பளம் 30,000, அதன்மேல் நீங்கள் கட்டவேண்டிய சேமலாப நிதி 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதமும் சேர்த்து 34,500. மிச்சம் 167,100. இதிலிருந்து மின்சாரம், காலைச் சாப்பாடு, சலவை, திருத்தவேலை, காப்புறுதி. பிறகுதான் நால்வருக்கான பங்கு. பத்து இரவு என்பதே தொடக்கத்தில் பேராசை. காப்புறுதியை மட்டும் வெட்டாதீர்கள். கிணற்றடியில் ஒரு விருந்தினர் வழுக்கி விழுந்தால், படகில் போனவர் தவறி விழுந்தால், பொதுப் பொறுப்புக் காப்புறுதி இல்லாத வீட்டின் முழுச் சேமிப்பும் போய்விடும். சாராயமோ கள்ளோ அனுமதிப்பத்திரம் இல்லாமல் காசுக்குக் கொடுக்காதீர்கள், "சாப்பாட்டோடு சேர்த்துத்தான்" என்பது கலால் திணைக்களத்திடம் எடுபடாது.

என்ன செய்யலாம்?

என் யோசனை, காணியையும் வியாபாரத்தையும் பிரித்து வைப்பது. காணி நால்வரிடமே இருக்கட்டும். வியாபாரத்தை உங்கள் பெயரில் மட்டும் பதிவு செய்யுங்கள். மற்ற மூவரும் தங்கள் பங்கை ஐந்து வருடத்துக்கு உங்களுக்கு நொத்தாரிஸ் உறுதியில் குத்தகைக்குத் தரட்டும். வாடகை சிறிதாக இருக்கலாம், இலாபம் வந்தால் ஒரு பங்கு. நீங்கள் போடும் காசு எவ்வளவு, எதற்கு, பிரிய நேர்ந்தால் அதில் எவ்வளவு திரும்பும் என்பதை ஓர் இணைப்பாக எழுதுங்கள். ஆண்டு முடிவில் கணக்கை நால்வருக்கும் அனுப்புங்கள், கேட்காவிட்டாலும். யாராவது தன் பங்கை விற்க நினைத்தால், தேசவழமைப்படி பங்காளிகளுக்குத்தான் முதலில் அறிவிக்கவேண்டும், அந்த முன்னுரிமை உங்களுக்கு ஒரு பாதுகாப்பு.

முதலில் இரண்டு அறை போதும். அந்த இரண்டும் ஒரு வருடம் ஓடி, கிணறும் அயலும் தாக்குப்பிடித்தால் மூன்றாவது. சமையலுக்கு ஊர்ப் பெண் ஒருவர், மீனுக்குக் கரையில் நிற்கும் தொழிலாளி, ஓட்டோவுக்குச் சந்தியில் நிற்கும் பொடியன் என்று காசு அயலில் சுற்றினால், இரவு பத்து மணிக்கு விருந்தினர் வழி தெரியாமல் நின்றால் நாலு பேர் கூட்டிவருவார்கள். நகரத்திலிருந்து எல்லாவற்றையும் இறக்கும் விடுதிக்கு அந்த உதவி கிடைக்காது.

இந்த நல்லூரை விட்டுவிடுங்கள். டெஸ்டமெண்டரி வழக்கே அதற்குள் முடியாது. அந்த நேரம் லீவு எடுத்து ஊர் வீட்டில் போய் இரண்டு கிழமை சும்மா இருந்து பாருங்கள். நுளம்பும் வெக்கையும் மின்வெட்டும் இரவின் தனிமையும் உங்களுக்கு எவ்வளவு ஒத்துவருகின்றன என்று கண்டுகொள்ளலாம்.

கடைசியாக, ஒன்று என் கண்ணில் பட்டது. ஐந்து பக்கத்தில் ரொறன்ரோ அண்ணா சொன்னது இருக்கிறது, தங்கை சொன்னது இருக்கிறது, பெரியம்மாவின் மகன் ஊரில் கதைப்பதுகூட இருக்கிறது. தம்பி என்ன சொல்கிறார் என்று ஒரு வரியும் இல்லை. நால்வரில் அந்த வீட்டுக்குக் கிட்ட இருப்பவர் அவர். அவர் குடும்பத்தோடு அங்கே போய் இருக்க விரும்பினால், வீட்டில் குடியிருக்கும் பங்காளி என்ற நிபந்தனைக்கு வழி கிடைக்கும், நீங்களும் வேலையை விடாமலே தொடங்கலாம். விரும்பாவிட்டால் அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. நொத்தாரிஸிடம் போவதற்கு முன், அதிகாரசபைக்குப் போவதற்கும் முன், அவருக்கு ஒரு போன் எடுங்கள்.